வாசலில் விளக்குக்கம்பம்

வரப்போகிறவர் யார் என்பது அந்த வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். மகளுக்கும் அம்மாவுக்கும்.

தெரியாத மற்ற இரண்டு பேர் முன்னறையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற நேரம். இன்னைக்கு ஒரு நாளாவது பந்துப் பேச்சை விடுங்களேன்."

"எப்படிம்மா விடறது? நம்ம ஃபுட்பால் கிளப் வெளிநாட்டு ஆளை எடுக்க இன்னைக்குச் சாயங்காலம்தான் கெடு. விட்டா, சீசன் பூரா வாயில விரலை வெச்சுக்கிட்டு உக்காரணும்." லேத் பட்டறை நடத்தும் அப்பா, புதுச் சட்டையின் பாதிப் பொத்தான்களைப் போட மறந்திருந்தார்.

எதிரே தாய்மாமன். பஸ் கண்டக்டர். கையில் போன், நிமிடத்துக்கொரு முறை செய்தியைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அந்த நெட்டை ஃபார்வர்டைத்தான் எடுக்கணும். ஹெட்டர் போட்டா வலை கிழியும்."

"நெட்டையை எடுத்துப் பட்டது போதாதா? எனக்கு அந்த இடதுகால் பொடியன் வேணும். நம்ம கிளப் வெளிநாட்டுல எடுத்த ராசியை நினைச்சுப் பாரு. ஒருத்தன் ஜெர்சியோட போட்டோ எடுத்துக்கிட்டான், அதோட சரி. ஒரு கோல்கீப்பர், பாதி சீசன்ல அம்மா ஞாபகம் வந்துடுச்சுன்னு பிளேன் ஏறிட்டான். முப்பது வருஷம் முன்னாடி வந்தான் பாரு ஒருத்தன்..."

"விளக்குக்கம்பம்!" மாமா தொடையில் தட்டிச் சிரித்தார்.

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒரு சீசன் முழுக்க ஆடினான், ஒரு கோல் உண்டா?" அப்பா விடவில்லை. "காலி கோல். கீப்பர் குப்புறக் கிடக்கான். அடிச்சான் பாரு, பந்து போய் ஐஸ் வண்டிக்காரன் மண்டையில! ஒவ்வொரு தடவை ஓடறதுக்கு முன்னாடியும் குனிஞ்சு இடது சாக்ஸை இழுத்து விட்டுக்குவான். கிக் ஸ்டார்ட் பண்றானாம்! நம்ம கேலரிக்கு எப்பவும் அவன் முதுகுதான். மூஞ்சியைக்கூட சரியாப் பார்த்ததில்லை. ஒரு நாள் என் எதிரே வரட்டும், நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கறேன்."

அழைப்பு மணி அடித்தது.

முதலில் மாப்பிள்ளைப் பையன் வந்தான். மகள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பவன். தன் அம்மா ஜாடை, அம்மா உயரம். பெண்ணின் அப்பா தோளுக்குக்கூட வரமாட்டான். முன்பே ஒரு தடவை வந்து அப்பாவுக்குப் பிடித்துப்போனவன். தன் அப்பா மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளர், அம்மா தவறிப்போய்விட்டார் என்று சொல்லியிருந்தான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மகளிடமே போன வாரம்தான் முழுசாகச் சொன்னான்.

அவன் பின்னால், நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து ஒருவர் நுழைந்தார். நரைத்த தலை. வேற்று நாட்டு முகம். செருப்பு ஸ்டாண்ட் அருகே ஷூவைக் கழற்றினார்.

குனிந்தார். இடது சாக்ஸை இழுத்து விட்டுக்கொண்டார்.

மாமாவின் கையிலிருந்து போன் நழுவி சோபாவில் விழுந்தது.

அப்பா திரும்பி விறுவிறுவென்று சமையலறைக்குப் போனார். மகள் பின்னாலேயே ஓடினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"சொன்னா வரவே விடமாட்டீங்கன்னு பயந்துட்டேன்ப்பா. இந்தச் சம்பந்தத்தை வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

"நான் யாரும்மா வேண்டாம்னு சொல்ல? அந்தப் பேரை வெச்சதே நான்தான். மொத்த கேலரியையும் கத்த வெச்சவன் நான்." அப்பா குழாயைத் திறந்து, எதற்கென்று தெரியாமல் மூடினார். "எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவர் முன்னாடி உக்காருவேன்? நீயும் அம்மாவும் பேசிக்குங்க. நான் பட்டறைக்குப் போறேன்."

"நீங்க இல்லாம என்னப்பா பேசறது?" அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்தாள். "அத்தனை பேர் கூட்டத்துல யார் கத்தினாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

பின்கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார்.

அப்போது முன்னறையிலிருந்து கனத்த குரல் வந்தது. "வாசல் வரைக்கும் கேட்டுச்சு, நீங்க போட்ட சண்டை. கம்பம்னா என்னன்னு எனக்கு அர்த்தம் சொன்னதே என் மனைவிதான். சொல்லிட்டு அரை மணி நேரம் சிரிச்சா."

"ஐயோ சார், அது வந்து..." மாமா டிக்கெட்டுக்குச் சில்லறை இல்லாதவர் போலத் திணறினார்.

"அந்த நெட்டையை எடுக்கச் சொல்லுங்க. நல்லா ஆடுவான். ஆனா வந்த முதல் மாசம் யாராவது அவனை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்க. நான் வந்தப்ப ஓட்டல் ரூம், ரொட்டி பாக்கெட், ஜன்னல். அவ்வளவுதான். ராத்திரி அழுதுட்டு மறுநாள் கோல் போட முடியாது. என்னை முதல்ல வீட்டுக்குக் கூப்பிட்டது என் மனைவியோட அண்ணன். அதுக்குள்ள சீசன் முடிஞ்சுபோச்சு. அந்தச் சாப்பாட்டுக்காகவே இங்கேயே தங்கிட்டேன்."

தாழ்ப்பாளிலிருந்து அப்பாவின் கை இறங்கியது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். அந்த நெடிய மனிதர் எழுந்து நின்றார். அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"உங்களைப் பார்த்தா நாலு வார்த்தை கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன்."

"கேளுங்க."

அப்பா விடுபட்ட பொத்தானைப் போட்டுக்கொண்டார். "சாப்பிட்டுட்டுத்தான் போகணும். வேற ஒண்ணும் கேக்கறதுக்கு இல்லை."

அம்மா அதற்குள் தட்டுகளை எடுத்து வைத்திருந்தாள்.

இரண்டாவது கரண்டி சோறு விழுந்தது. பிறகு மாமா சும்மா இருக்கமாட்டாமல், "அப்போ நெட்டைதானே?" என்றார்.

"நெட்டையாம் நெட்டை! ஓரத்துலேர்ந்து அவன் தலைக்கு கிராஸ் தூக்கிப் போட யாரு இருக்கா?" அப்பா பழையபடி சூடேறினார்.

"நானே போடக் கத்துக் குடுக்கறேன். சீசன் பூரா கிராஸ் வராம நின்னவன் நான். எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம சாப்பிடுங்க சம்பந்தி!"

சொன்னதை அப்பா கவனிக்கவேயில்லை. "இடதுகால் பொடியன்தான்" என்று மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மகள் கவனித்தாள். தண்ணீர்ச் சொம்பை அப்படியே பிடித்தபடி நின்றாள். லென்ஸ் அறுப்பவன் தலை குனிந்து தட்டைப் பார்த்துச் சிரித்தான்.

சோபாவில் மாமாவின் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. கிளப் யாரையோ எடுத்துவிட்டது போலிருக்கிறது. ஒருவரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.