தங்கைக்குப் பின்னால் நிற்க ஓர் இடம்

1.
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தரைக்கு அடியிலிருந்து வந்தது. எரிமலை அடிவார ஊரான ஆன்டிகுவாவில் என் வீட்டுக்குக் கீழே உடற்பயிற்சிக்கூடம். முன்பு இரும்பு விழும் சத்தத்தில் மேசையே அதிரும். இப்போது கப்சிப். ஊருக்கே எடையை மெதுவாகத் தூக்கும் பைத்தியம் பிடித்திருக்கிறது. ஒரு தடவை தூக்கி இறக்குவதற்குள் என் காப்பி ஆறிவிடுகிறது. அந்த அமைதியில்தான் ஒரு பெண்குரல் கேட்டது: "என் தங்கச்சி பின்னாடி நிக்கணும்டீ, அதுக்குத்தான் இந்தப் பாடு." கேட்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2.
"எரிமலைக்கு மேல் புகை எழுந்த அந்தக் காலையில், ஒத்திலியா..." வேண்டாம். எரிமலை இல்லாமல் எழுத இந்த ஊரில் யாருக்கும் வராதா?

ஒத்திலியா ரொட்டி சுடுகிறவள், அறுபதை நெருங்குகிறவள். அம்மா சாவில் வந்த சண்டையோடு தங்கை பெர்த்தாவிடம் பேச்சு நின்றது. ஆனால் புனித வாரத்தில் வியாகுல மாதா சப்பரத்தைப் பெண்கள் தூக்கும்போது, தோள் உயரம் அளந்துதான் இடம் கொடுப்பார்கள். இருவருக்கும் ஒரே உயரம். பெர்த்தா முன்னால், ஒத்திலியா பின்னால், ஒரு தெரு தூரம். தங்கையின் பிடரியைப் பார்த்துக்கொண்டே ஆடி அசைந்து நடப்பாள். வருடத்துக்கு அவ்வளவுதான் உறவு.

போன வருடம் பாதித் தெருவில் முழங்கால் மடங்கிவிட்டது. பெர்த்தா திரும்பிப் பார்க்கவில்லை. (பார்த்தாள் என்று எழுதி அடித்துவிட்டேன்.)

3.
"மெதுவாக்கா! அடுப்புல ரொட்டியா கருகுது?" என்றாள், கூடத்தில் எடையோடு உட்கார்ந்து எழப் பயிற்சி தரும் யாதிரா.

"கருகுறது என் தொடைடீ, பாவி!"

"கருகட்டும். மேல போய் நின்னு மூச்சு வாங்குனா கள்ளாட்டம். நிக்காம இறக்குங்க."

(இவ்வளவு பொறுமையான பெண் உலகத்தில் உண்டா? யாதிராவை நீக்கிவிடலாமென்று நினைத்தேன். அப்புறம் ஒத்திலியாவை யார் திட்டுவது?)

4.
முழங்கால் உறுதிப்பட்டது. அடுப்படியில் விழுந்த கூனும் நிமிர்ந்தது. வினை அங்கேதான்.

சப்பரம் தூக்கப் பெயர் பதியும் நாளில், அதை நடத்தும் சபைக்காரப் பெண் அளவுகோலைத் தோளில் வைத்துச் சிரித்தாள்.

"அடேயப்பா, வளந்துட்டீங்களேம்மா! ரெண்டு விரல் கூட. இனிமே உயரமானவங்களோட, வேற தெரு."

இதற்கா இத்தனை பாடு? "இன்னொரு தடவை அளந்து பாரும்மா," என்றாள் ஒத்திலியா.

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவள் பெர்த்தா.

5.
ஒரு முடிவு: ஒத்திலியா முழங்காலை மடித்துக் குறுகி நிற்கிறாள், பழைய இடம் கிடைக்கிறது. ஆனால் தெரு முழுக்க மடித்த காலோடு நடக்க வேண்டும். அந்த முழங்காலை நம்பி எழுத எனக்குப் பயம்.

இன்னொன்று: பெர்த்தாவும் ரகசியமாக மெதுவாகத் தூக்கி, அதே இரண்டு விரல் நிமிர்ந்திருக்கிறாள். சர்க்கரை தூக்கல். இந்த ரொட்டியை ஒத்திலியாவே விற்கமாட்டாள்.

மூன்றாவதில் அவள் திரும்புகிறாள். மெதுவாக, நடுவில் நிற்காமல். இத்தனை வருடம் பிடரியாக மட்டுமே பார்த்த தங்கையின் முகம் எதிரே இருக்கிறது. ஒத்திலியா வாயைத் திறக்கிறாள், "பெர்த்தா, நான்..."

எனக்கு இதற்கு மேல் வரவில்லை. நீங்களும் யாரோடாவது பேசாமல் இருப்பீர்கள். அவரிடம் முதலில் என்ன சொல்வீர்களோ, அதை இவளுக்குக் கொடுங்கள். வரிசை காத்திருக்கிறது.