மூடி மாப்பிள்ளை

என் மாமனார் வீட்டில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. மூடி மாப்பிள்ளை. முகத்துக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள். நான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தால் மட்டும், "மூடியை நல்லா மூடிடுங்க மாப்பிள்ளை" என்பார் மாமனார். சமையலறை வரைக்கும் சிரிப்பு கேட்கும். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் சகலையைப் பார்ப்பேன். அவன் தட்டில் எதையோ தேடிக்கொண்டிருப்பான்.

அந்தப் பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். என் மனைவியின் தங்கையைக் கட்டியபோது வேலைவெட்டி இல்லாமல் இருந்தான். கார் ஷோரூமில் நான் ஒர்க்‌ஷாப் பொறுப்பாளனாக இருந்தேன். முதலாளியின் கையைக் காலைப் பிடித்து விற்பனைப் பிரிவில் அவனைச் சேர்த்துவிட்டேன். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இவனுக்கு அந்த வீரம்கூட இல்லை, பின்னாலிருந்து முட்டினான்.

எங்கள் கம்பெனி வண்டிகளைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பழைய மாடல் பார்க்க லட்சணமாக இருக்காது. ஸ்டியரிங் கனம், மேட்டில் ஏசி போட்டால் மூச்சு வாங்கும். ஆனால் கோளாறு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வரும். கரகரக்கும், வாடை அடிக்கும், சூடு ஏறினால் டாஷ்போர்டில் முள் எழுந்து நிற்கும். புது மாடல் பூனை மாதிரி போகும். அதில் அந்த முள்ளை எடுத்துவிட்டு ஒரு சிவப்பு விளக்கை வைத்தார்கள். அது எரியும்போது எஞ்சின் கதை பாதி முடிந்திருக்கும். இத்தனைக்கும் உள்ளே இருப்பது அதே பழைய எஞ்சின்தான், மேல்சட்டை மட்டும் புதுசு. எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீர் போகிற வளைவில் கை முழங்கை போல ஒரு எல்போ இருக்கும். பழையதில் அது அலுமினியம். புதியதில் காசை மிச்சம் பிடிக்க பிளாஸ்டிக் ஆக்கிவிட்டார்கள். தினம் வெந்து, தினம் ஆறி, ஒரு நாள் அது விரிசல் விடும்.

முதன்முதலில் விரிசல் விட்ட எல்போவைக் கழற்றி எடுத்துப்போய் சகலையின் மேஜை மேல் வைத்தேன். அப்போது அவன் மேனேஜராகியிருந்தான். "மேல சொல்லிடறேன் சகலை, நீங்க கவலையை விடுங்க" என்றான். அவன் சொல்லவில்லை. பிறகு ஒரு வக்கீலின் புது வண்டி நடுரோட்டில் எஞ்சின் சூடேறி இறுகிப் பிடித்து நின்றது. குடும்பத்தோடு வெயிலில் நின்ற கோபத்தில் அவர் ஷோரூமுக்கே வந்து கத்தினார். முதலாளி காரணம் கேட்டார். சகலை கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான்: "சர்வீஸ் முடிஞ்சு வரும்போதே ரேடியேட்டர் மூடி சரியா மூடலை சார். நானே என் கண்ணால பார்த்தேன்."

நான் வேலையை இழந்து வீடு வந்து சேர்வதற்குள் செய்தி மாமனார் வீட்டுக்குப் போய்விட்டது. அவர் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணால் கண்ட சாட்சி என்றால் அவருக்கு வேதவாக்கு. நான் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள் மட்டும் என்னை நம்பினாள். "அவர் மூடாம விட மாட்டாருப்பா" என்று அப்பாவின் முகத்துக்கு நேராகச் சொன்னாள் என் மனைவி. மூடி என்று யாராவது சிரித்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

ஒரு சந்தில் சின்னதாக ஒர்க்‌ஷாப் போட்டுக்கொண்டேன். அந்தக் கம்பெனியின் பழைய மாடல்கள் மட்டும்தான் எடுப்பேன். வயிற்றுக்குக் குறைவில்லை. நெஞ்சு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. சகலை தன் வாயால், மாமனார் முன்னால், மூடி சரியாகத்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும். மன்னிப்பெல்லாம் எனக்குத் தேவையில்லை. அவன் குறுகி நிற்பதை நான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அத்தைக்கு முட்டி வலி முற்றி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருத்துவமனைக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. மாமனார் கார் வாங்க முடிவு செய்தார். எங்கள் கம்பெனி வண்டிதான் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஒரு டாக்டரின் பழைய மாடல், என் கைபட்டு வளர்ந்த வண்டி, விலைக்கு வந்திருந்தது. ஷோரூமில் சகலையின் புது மாடல் நின்றது. பழசா புதுசா என்று கேட்க இரண்டு மாப்பிள்ளைகளையும் சாப்பிடக் கூப்பிட்டார். கத்தரிக்காய் வாங்குவதானாலும் இரு தரப்பையும் விசாரித்துவிட்டு வாங்குகிற மனிதர் அவர்.

"முதல்ல பெரிய மாப்பிள்ளை வாதம்" என்றார், கை கழுவியதும். "சொல்லுங்க."

என் பதில் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தார்கள். மச்சினி ஏற்கெனவே உதட்டைச் சுழித்து வைத்திருந்தாள்.

"புதுசே வாங்கிடுங்க மாமா" என்றேன்.

சகலை தலையைத் தூக்கினான்.

"பழசுல ஏர்பேக் கிடையாது. புதுசுல பிரேக் கும்முனு பிடிக்கும். சீட்டு உயரமா இருக்கும், அத்தை ஏறி இறங்க சௌகரியம். அதுக்கு மேல, ஒண்ணுன்னா ஓடி வர்றதுக்கு சகலை இருக்காரு. அவர் குடுக்கிற வண்டியை அவர் பாத்துக்க மாட்டாரா?"

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது! அவன் வாயைத் திறந்தால் எல்போவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூடிக்கொண்டிருந்தால் அந்த எல்போ என்றாவது ஒரு நாள் மலைப்பாதையில் விரிசல் விடும், மூடி மூடியிருக்க வண்டி நிற்பதை மாமனாரே கண்ணால் பார்ப்பார். எப்படி உருட்டினாலும் எனக்குத் தாயம். மலையில் நின்றால் ஓரமாகத்தானே நிற்கும், ஆளுக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இல்ல மாமா..." என்று சகலை இழுத்தான். "பழசும் ஒண்ணும் சோடை போனதில்ல. அதுல ஒரு இது இருக்கு."

"எது?"

"உறுதி. மலைக்கு பழசுதான்..."

மாமனார் தொடையில் தட்டிச் சிரித்தார். "இதென்னடா கூத்து! ரெண்டு வக்கீலும் கட்சிக்காரனை மாத்திக்கிட்டாங்களே! ஏன் மாப்பிள்ளை, விக்கிறவர் நீங்களே வேணாங்கிறீங்க? புதுசுல என்ன குறை?"

சகலை திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தான். மச்சினிக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம வண்டியை நீங்களே எதுக்கு மட்டம் தட்டறீங்க? அத்தானே நல்லா இருக்குங்கிறாரு!"

"குறைன்னு ஒண்ணும் இல்ல" என்றான். அவன் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அப்போ புதுசு. தீர்ப்பு சொல்லியாச்சு" என்றார் மாமனார்.

காரில் வீடு திரும்பும்போது என் மனைவி கேட்டாள்: "உங்க வாயால புதுசைப் புகழ்ந்து நான் கேட்டதே இல்லையே. என்ன விஷயம்?"

"வயசாகுதுல்ல. இப்பத்தான் புத்தி வருது."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

சில நாள் கழித்து, என் ஒர்க்‌ஷாப் ஷட்டருக்குக் கீழே பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ ஒன்று வந்து நின்றது. கழிவு எண்ணெயில் கால் படாமல் தாண்டித் தாண்டி உள்ளே வந்தான் சகலை. கடை போட்டதிலிருந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தான்.

"சகலை, பழைய மாடல் எல்போ ஒண்ணு கிடைக்குமா? கம்பெனியில அதைப் பண்றதை நிறுத்திட்டாங்க. எங்க தேடியும் இல்ல."

நான் நிமிரவில்லை. "நீங்க விக்கிறது புதுசாச்சே. பழசு எதுக்கு?"

"ஒரு கஸ்டமருக்கு."

"எந்த கஸ்டமருக்கு?"

கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டான். "மாமா வண்டிக்குத்தான். குடுக்கும்போதே மாட்டிட்டா பிரச்சினை இல்ல பாருங்க. யாருக்கும் தெரியவும் வேணாம்."

"அப்போ பிளாஸ்டிக் உடையும்?"

"உடையலாம்."

"அப்போ மூடி? மூடியை யாரு திறந்து விட்டது சகலை?"

அவன் சுவரில் தொங்கிய ஹோஸ்களை எண்ணுகிறவன் போலப் பார்த்தான். "விடுங்க சகலை. குடும்பத்துக்குள்ள எதுக்கு..."

"என்னைத் துரத்தினப்போ நான் குடும்பத்துக்கு வெளிய இருந்தேனா?" ஸ்பேனரைக் கீழே வைத்தேன். "தரேன். சும்மாவே தரேன். நானே வந்து மாட்டியும் தரேன். ஆனா வண்டி வர்ற அன்னைக்கு, மாமா முன்னாடி. எதுக்கு மாட்டறோம்னு நீங்க சொல்லணும். உங்க வாயால."

"விஷயம் வெளிய போச்சுன்னா என் வேலை போயிடும்."

"போகட்டும். கொஞ்ச நாள்ல பழகிடும். எனக்குப் பழகலையா?"

அவன் முகம் கறுத்துப்போய்த் திரும்பி நடந்தான். அவசரத்தில் ஷூவை எண்ணெயில் வைத்துவிட்டான். அன்று மத்தியானம் எனக்கு நன்றாகப் பசித்தது.

வண்டி வந்த அன்று காலையில் எல்லோரும் மாமனார் வீட்டு வாசலில் கூடியிருந்தோம். வெள்ளை வண்டி, முன்னால் சிவப்பு ரிப்பன். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்ததால் அத்தை முன் சீட்டில் ஏறி, மடியில் பையோடு பெல்ட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சகலை சாவியை மாமனார் கையில் கொடுத்துக் கைகுலுக்கினான். இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று பார்த்தேன்.

"சந்தோஷமா போயிட்டு வாங்க மாமா" என்றான்.

என் பக்கம் திரும்பவே இல்லை. சரி, நாய் வாலை நிமிர்த்த முடியாது. செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த எல்போவை மாமனாரிடம் நீட்டினேன். "என்னோட பரிசு மாமா."

பிரித்துப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை இது, தண்ணிக் குழாயா?"

"எதுக்குன்னு சகலையைக் கேளுங்க. அவருக்குத்தான் தெரியும். என் கடைக்கே வந்து கேட்டாரு."

மாமனார் எல்போவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். ஆயுள் முழுக்கக் கூண்டில் நிற்பவர்களைப் பார்த்த கண் அது. அவனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

"புதுசுல அது பிளாஸ்டிக் மாமா. சில வண்டியில உடையுது."

"உடைஞ்சா?"

"தண்ணி போயிடும். எஞ்சின் பிடிச்சுக்கும்."

"அந்த வக்கீல் வண்டி?"

அவன் தரையைப் பார்த்தான். மச்சினி அவன் சட்டைக் கையைப் பிடித்து உலுக்கினாள். "கேக்கறாங்கல்ல, சொல்லுங்களேன்!"

"அதுவும் இதனாலதான். மூடி... மூடி சரியாத்தான் இருந்துச்சு."

கேட்டேன். என் இரண்டு காதாலும் கேட்டேன். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்றிருந்தது. அவன் முகம் சுண்டிப்போனதை ஆற அமரப் பார்த்தேன். கண்ணை வேறு பக்கம் திருப்ப மனமே வரவில்லை.

"எங்கப்பா அம்மா போற வண்டி" என்றாள் மச்சினி. "தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"உடைய நாளாகும்டி. அதுக்குள்ள மாத்திடலாம்னுதான் இருந்தேன்."

அவள் அவன் கையை விட்டுவிட்டாள்.

மாமனார் என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "மாப்பிள்ளை, வீட்டுக்கு வர்ற போதெல்லாம் உங்களை நான் எவ்வளவு..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்தினார். கையிலிருந்த எல்போவைத் திருப்பிப் பார்த்தார். "ஒரு நிமிஷம். இது உடையும்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"ஆரம்பத்துலயே மாமா! முதல்ல கண்டுபிடிச்சு இவர்கிட்ட சொன்னதே நான்தானே!" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

"அப்போ அன்னைக்கு சாப்பிட்ட கையோட, புதுசே வாங்குங்கன்னு சொன்னீங்களே?"

எத்தனையோ இரவு படுத்துப் படுத்து யோசித்து வைத்திருந்தேன். அவன் என்ன சொல்வான், நான் என்ன சொல்வேன் என்று எல்லாம் தயாராக இருந்தது. இந்தக் கேள்வி மட்டும் அந்தக் கணக்கில் வரவே இல்லை. மாமனார் சாவியைச் சகலை கையிலும் எல்போவை என் கையிலும் வைத்துவிட்டு, வண்டிக் கதவைத் திறந்தார்.

"இறங்கு. பஸ்ல போலாம்."

அத்தை பெல்ட்டைக் கழற்றி, கதவைப் பிடித்து ஒவ்வொரு காலாக ஊன்றினார். சீட்டு உயரம் என்பதால் இறங்குவது சௌகரியமாகத்தான் இருந்தது.

என் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் ஒருத்தியாவது சந்தோஷப்படுவாள் என்று திரும்பினேன். "பேர் திரும்பக் கிடைச்சுதா இல்லையா? உங்கப்பா இப்போ கோபத்துல பேசறாரு. அது உடைய நாளாகும். அதுக்குள்ள நான் மாத்தியிருப்பேன்."

அவள் என் கையிலிருந்த எல்போவைப் பார்த்தாள்.

"அதையேதான் தங்கச்சி வீட்டுக்காரரும் இப்போ சொன்னாரு" என்றாள். பிறகு அம்மாவின் பையை வாங்கிக்கொண்டு, அவர் ஊன்றி நடக்கத் தன் தோளைக் கொடுத்து, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.