பின்பாரம்

யார்டு கேட்டைத் திறக்கும்போதே கிரைண்டர் சத்தம் கேட்டது. டைல்ஸ் அடுக்குகளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால், என் லோடருக்குப் பின்னால் அண்ணன் குந்தி உட்கார்ந்து, நான் பற்றவைத்த இரும்புப் பெட்டியை அறுத்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் ஏற்கெனவே அறுந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் மறுபக்கமும் அறுந்து பெட்டி தொப்பென்று மண்ணில் விழுந்தது. அப்பா பக்கத்திலேயே நின்று, கிரைண்டர் ஒயர் அவன் காலில் சிக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

என் லோடர் என்று சொல்லிக்கொள்கிறேன். வாங்கியது அப்பாதான். அண்ணன் துறைமுகத்தில் பெரிய மிஷின் ஓட்டப் போன பிறகு, ஓட்ட ஆளில்லாமல் அது தார்ப்பாய்க்குள் கிடந்தது. முதல் தடவை நான் ஏறி உட்கார்ந்தபோது பெடல் எட்டவில்லை. இந்தச் சின்ன லோடர் கார் மாதிரி கிடையாது. இரண்டு கையும் இரண்டு லீவரில் இருக்கும். நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்றும். சுமையைத் தூக்குவதும் சாய்ப்பதும் காலால்தான். கால் எட்டாவிட்டால் அது வெறும் நாற்காலி. வீட்டில் என்னைக் குட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியும் அன்று தன் பங்குக்கு அதையே சொன்னது. வந்த ஆத்திரத்தில் இரண்டு இரும்புத் துண்டை அறுத்து, மேலே பழைய டயர் ரப்பரை ஒட்டி, பெடல் மேல் வைத்து போல்ட் போட்டு முடுக்கினேன். அங்கே ஆரம்பித்தது. உட்கார்ந்தால் பின்னால் நிற்கிற ஆள் தெரியமாட்டார் என்று ஒரு பழைய பஸ் கண்ணாடியை மாட்டினேன். எங்கள் சந்தில் லாரி நின்றால் ஒரு பக்கமிருந்துதான் சரக்கு இறக்க முடியும். லாரியின் அந்தக் கோடியில் இருக்கும், டைல்ஸ் அடுக்கிய மரத்தட்டு எட்டுவதற்காக, சுமை தூக்க முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற போர்க் இரண்டுக்கும் நீளமாக உறை செய்து போட்டேன். எட்டியது. ஆனால் தூக்கினால் வண்டி மூக்குக் குப்புற விழப் பார்த்தது.

அதற்குத்தான், பின்னால் பாரமாக, அந்தப் பெட்டி. அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்து, அளவெடுத்து, தகடு வெட்டிப் பற்றவைத்தேன். முதலில் செய்த பெட்டியை மாட்டியதும் பின்னால் இருக்கிற இன்ஜின் கதவு திறக்கவில்லை. லோடுமேன்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். திரும்பவும் அறுத்து, கதவுக்குக் கீழே வருகிற மாதிரி மாற்றினேன். உள்ளே போட வேண்டிய பழைய இரும்பை யார்டு தராசில் நிறுத்து நிறுத்துக் கொடுத்தது அப்பா. நான் முழுத் தட்டைத் தூக்கிப் பிடிக்க, அவர் சட்டையில் மண் ஒட்ட ஒட்டத் தரையில் படுத்து, பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்புகிறதா என்று பார்த்தார். கடைசித் துண்டு விழுந்ததும், "போதும், உக்காந்துடுச்சு" என்றார். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என்னைப் பற்றி என்னென்னவோ பெருமையாகப் பேசினார்.

நேற்று ராத்திரி அதே அப்பாதான், சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, துறைமுகத்திலிருந்து வந்துவிட்ட அண்ணன் இனி இங்கேயே இருக்கப்போகிறான், வண்டியை அவன் பார்த்துக்கொள்வான், நீ ஆபீஸில் உட்கார்ந்து பில் போடு என்றார். அம்மா எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"ஏய் குட்டை, வா வா. உன் ஓட்டை ஒடைசல் எல்லாத்தையும் கழட்டிட்டேன். எப்படி இருக்கு பாரு, புதுசு மாதிரி," என்றான் அண்ணன். பெடல் கட்டைகள் மூலையில் கிடந்தன. அவன் முழங்கால் இடித்ததாம். கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தான். நான் செய்ததில் அவனுக்குப் பிடித்தது நீளமான போர்க் உறை ஒன்றுதான். அதை மட்டும் விட்டுவைத்திருந்தான். அதுதான் ஆபத்தே. பெட்டி இல்லாமல் அதைப் போட்டுத் தூக்காதே, கவிழும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கம்பெனிக்காரன் பெட்டி வைக்க மறந்துட்டானா என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அவன் மேல் எனக்கு அவ்வளவு கோபமில்லை. அவனுக்குத் தெரியாது. நான் அப்பாவிடம் போனேன்.

"அது எதுக்குன்னு அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?"

அப்பா ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "இப்பதான் வந்திருக்கான். ஆசையா செய்யறான். விடேம்மா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மண்ணில் படுத்து எழுந்த மனிதர் இவர். ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகன் முகம் வாடிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். என் முகம் எத்தனை தடவை வேண்டுமானாலும் வாடலாம் போல. போய் ஒரு டைல்ஸ் அடுக்கின் மேல் உட்கார்ந்தேன். கவிழட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. கவிழட்டும், எல்லோரும் பார்க்கட்டும்.

லாரி வந்தது. இந்தப் பக்கத்துத் தட்டுகளை அண்ணன் சுலபமாக இறக்கினான். பிறகு அந்தக் கோடியில் இருந்த தட்டுக்குப் போர்க்கை நீட்டினான். அப்பா லாரியோரம், முன்னால் நின்று கை காட்டினார். எந்த இடத்தில் நிற்கக் கூடாதோ அங்கேயே நின்றார். தட்டு அசைந்தது, கொஞ்சம் எழுந்தது, லாரியின் ஓரத்தை நோக்கி வந்தது. லோடரின் பின்சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. ஓடினேன். அப்பாவை இழுக்கப் போனால் நேரம் இருக்காது. பின்பக்கம் பாய்ந்து, பெட்டி அறுந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு இரும்பு மொட்டைகள் மேல் ஏறி, இன்ஜின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்துத் தொங்கினேன். அந்தப் பெட்டியின் எடையில் பாதிகூட நான் இருக்க மாட்டேன். ஆனாலும் சக்கரம் இறங்கியது. தொட்டது, எழுந்தது, மறுபடி தொட்டு நின்றது. புகை முகத்தில் அடித்தது. பிசிர் நீக்காத வெட்டு முனை செருப்பைத் தாண்டிப் பாதத்தில் இறங்கியது.

"பாத்தீங்களாப்பா? பொட்டி இல்லாமலே தூக்குது!" உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. நான் பின்னால் தொங்குவது அவனுக்குத் தெரியாது. கண்ணாடிதான் சுவரோரம் கிடக்கிறதே.

அப்பா தலையைச் சாய்த்துப் பார்த்தார். முதலில் சக்கரத்தை. பிறகு, கேபினுக்குப் பக்கவாட்டில், என்னை. நன்றாகவே பார்த்தார். நிறுத்தச் சொல்லுங்க என்று கத்தினேன். என் வாய் அசைந்ததாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

லாரியின் ஓர இரும்பைத் தாண்டத் தட்டு இன்னும் ஒரு முழம் உயர வேண்டியிருந்தது. அப்பா சுமைக்குக் கீழேயிருந்து மெதுவாக ஒதுங்கி நின்றுகொண்டார். என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அண்ணனுக்குக் கை காட்டினார்.