மான்காட்டு உண்ணி

கரும்பு வெட்டு முடிந்துவிட்டால் எங்கள் ஊருக்கு இரட்டைப் பஞ்சம். ஆளுக்கு வேலை இருக்காது, மாட்டுக்குக் கரும்புத்தோகை இருக்காது. எங்கள் பசு ரோசெட் பிறந்ததிலிருந்து கொட்டகையை விட்டு வெளியே வந்ததில்லை. இந்தத் தீவில் கூலிக்காரர் மாடெல்லாம் அப்படித்தான், தீனிதான் அதைத் தேடி வரும். தீவை அடித்த கரோல் புயலுக்கு மறுவருஷம் தை மாதம், என் புருஷன் திருவேங்கடம், துரைமார் மான் வேட்டையாடும் காட்டோரத்தில் புல் அறுத்து வந்தார். புல்லோடு உண்ணியும் வந்தது.

உண்ணி எங்களுக்குப் புதிதல்ல. சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒன்று உண்டு. அது கடித்து மூத்திரம் சிவந்த மாடுகளைப் பார்த்திருக்கிறேன். இது வேறு. முதுகில் செம்மஞ்சள் பூப்போட்டுக்கொண்டு மடியோரம் அப்பியிருந்தது. அதன் அழகைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த மடியை நம்பித்தான் வெட்டு இல்லாத மாதங்களில் எங்கள் அடுப்பு எரிந்தது.

பக்கத்து வீட்டு மார்லென் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "கராபத்! மண்ணெண்ணெயில போட்டுக் கொல்லு, பாக்கியம். ஒண்ணையும் விடாதே," என்றாள் தீவின் கிரியோல் பேச்சில்; அதில் உண்ணிதான் கராபத்.

மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்தேன். இவர் பிடுங்கிக்கொண்டார். காவடிக்குக் காப்புக் கட்டியிருந்தார். ரோசெட் பாலைத்தான் செம்பில் கொண்டுபோவதாக வேண்டுதல்.

"விரத வீட்டுல உயிர்க்கொலையா? நானே எடுத்துடறேன்."

குழந்தைக்கு முள் எடுப்பதுபோல ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வாழையிலையில் வைத்து உயிரோடு வெளியே கொண்டுபோனார். தினமும் புதுப் புல் வந்தது, தினமும் இலையும் போனது. "மாட்டைக் கடிக்கிறதுக்கும் காவடிச் சிந்து பாடுங்க," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

காவடியன்று காலையில் பால் சரியாகச் சுரக்கவில்லை. மாட்டின் காது நெருப்பாகச் சுட்டது. அரைச் செம்போடு போனார். அவர் அலகு குத்தி நடந்த நேரத்தில் இங்கே ரோசெட்டும் நடந்தது. தண்ணீரில் நடப்பதுபோல காலைத் தூக்கித் தூக்கி வைத்து, முளையையே சுற்றியது. வாயில் ஒன்றுமில்லாமல் மென்றது. கயிறு முழுதும் முளையில் சுற்றிக்கொண்டதும் விழுந்து உதைத்துக்கொண்டது. அவர் திரும்பி வருவதற்குள் செத்துவிட்டது.

"பூப்போட்ட உண்ணி கொண்டுவர்ற நோய் இது," என்றார் மறுநாள் வந்த மாட்டு டாக்டர். "மான் தாங்கும். மாடும் ஆடும் தாங்காது."

நான் கத்தித் தீர்த்தேன். இவர் கன்னத்து விபூதி உதிர உட்கார்ந்திருந்தார். மாட்டைப் புதைக்க மார்லெனும் வந்து கயிறு இழுத்தாள். அன்று எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டதும் அவள்தான். ஐந்து ஆடு வைத்துப் பிழைக்கும் விதவை.

அடுத்த வாரம் சுவருக்கு அந்தப்பக்கம் அவள் குரல் கேட்டது. "பாக்கியம், இங்க வாயேன். என் ஆடு என்னமோ காலைத் தூக்கித் தூக்கி வைக்குது."

இவரைப் பார்த்தேன்.

"அந்த இலையெல்லாம் எங்கே கொட்டினீங்க?"

அவர் சுவரையே பார்த்தார்.

நானே போய்ச் சொன்னேன், விரதத்தையும் சேர்த்து. இரண்டாவது ஆடும் சுற்ற ஆரம்பித்திருந்தது. மார்லென் திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்கிட்ட குடுத்திருக்கலாமே, பாக்கியம்," என்றாள். "நான் கொன்னிருப்பேன். எனக்கு விரதம் இல்லையே."