சேதுவோடு போக வேண்டிய சாமான்

முருகையா மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவதை லீலாவதி பார்த்துவிட்டாள். வீட்டை ஒட்டிய பட்டறையின் மேசையிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் மார்போடு அணைத்து, வயர் தரையில் இழுபட, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கூடத்தில் இருந்த சவப்பெட்டியை நோக்கி நேராக வந்தான்.

“தம்பி கால்மாட்டுல எடம் இருக்கும்மா,” என்றான் தாயிடம்.

சின்னத்தாய் இளைய மகனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வெய்யி. அவன் ஆசைப்பட்டது அவனோட போவட்டும்.”

நேற்றுக் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த சேது, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டான். முப்பத்தாறு வயது. அப்போதிலிருந்து அழுது ஓய்ந்திருந்த லீலாவதிக்கு இப்போது வந்தது அழுகை இல்லை, பயம். புருஷன் செத்துக் கிடக்கையில் ஒரு மெஷினுக்காகப் பதறுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. இருந்தும் பதறினாள்.

புக்கிட் ரோத்தானில் சேதுவின் பட்டறையைத் தெரியாதவர் கிடையாது. என்ஜினுக்குள் கம்ப்யூட்டர் வைத்த ஜப்பான் காடிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. காடி ரிப்பேர் பார்க்கும் மற்ற போர்மேன்கள் போனட்டைத் திறந்து, தலையைச் சொறிந்து, மூடிவிடுவார்கள். சேது அந்தக் கம்ப்யூட்டரைக் கழற்றுவான். பெட்ரோல் எவ்வளவு, நெருப்புப் பொறி எப்போது என்றெல்லாம் அதன் சிப்பில் எண்களாக எழுதியிருக்கும். அவற்றை மாற்றிப் பூட்டினால் காடி பறக்கும். கம்ப்யூட்டர் சேது என்றுதான் ஊரில் பெயர். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த பையனுக்கு இப்படி ஒரு பெயர் கிடைத்ததில் சின்னத்தாய்க்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த எண்களை எழுதியது லீலாவதி.

எலக்ட்ரானிக் பேக்டரியில் ஏழு வருஷம் சிப் சோதித்தவள் அவள். எண்பத்தைந்தில் ஆட்குறைப்பு வந்தபோது முதல் கும்பலோடு வெளியே அனுப்பப்பட்டாள். மறுவருஷம் மெஷின் வாங்க இருவரும் கோலாலம்பூர் போனார்கள். சேதுவின் கண் முழுக்க ஒரு பெரிய மெஷின்மேல்தான். விளக்கு மின்ன, முள் ஆட, பார்க்க ஆஸ்பத்திரிச் சாமான்போல மிரட்டியது.

“அது என்னா கோளாறுன்னு சொல்லும், அவ்ளோதான். ஒன்னத்தையும் மாத்தாது,” என்று அவன் காதில் சொன்னாள். அவள் காட்டியது மூலையில் கிடந்த, சிப்பில் எண்ணை மாற்றி எழுதும் இந்தச் சாம்பல் நிற மெஷின். எண் அடிக்கச் சில பட்டன், சிப்பை வைக்க ஒரு பள்ளம், அதை இறுக்கிப் பிடிக்க ஒரு சின்ன நெம்புகோல். வேறு எந்தப் பகட்டும் இல்லை. கடைக்காரன் கேட்டதற்கெல்லாம் சேது அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பதில் சொன்னான். வெளியே வந்ததும், “நீ சொன்னா சரி லா,” என்று சிரித்தான்.

அதன் பிறகு எல்லாமே இருவரும் சேர்ந்துதான். சேது காடியை ஓட்டிவிட்டு வந்து, “மூனாவது கியர்ல மூச்சு முட்டுது,” என்பான். அது எந்த எண் என்று அவள் தேடி மாற்றுவாள். அவன் காது, அவள் கை. பொம்பளை கை வைத்த காடி என்று தெரிந்தால் எவன் கொண்டுவந்து விடுவான்? வெளியே சொல்ல வேண்டாமென்று சொன்னவளும் அவள்தான்.

இப்போது சொன்னால், கம்ப்யூட்டர் சேது என்ற பெயர் சவப்பெட்டியை மூடுவதற்குள் போய்விடும், அதுவும் பெற்றவள் கண்ணெதிரில். சொல்லாவிட்டால் மெஷின் மண்ணுக்குள் போகும். அது இல்லாத பட்டறையில் அவளுக்கு என்ன வேலை? நாளைக்கே முருகையா வந்து அவளையும் நாலு வயது மகளையும் லயத்துக்குக் கூட்டிப்போவான். நல்ல மனுஷன், கடைசிவரை சோறு போடுவான். அவளுக்குப் பயமே அதுதான்.

“அந்த டைமிங் லைட்ட வெக்கலாமே மாமா,” என்றாள். பொறி நேரத்துக்கு விழுகிறதா என்று பார்க்கும் விளக்கு அது. “அவரு எந்நேரமும் கையில வெச்சிருந்தது.”

“அது எல்லா போர்மேன்கிட்டயும் கெடக்கும் புள்ள. இதுதான் அவனுக்கு உசுரு,” என்று முருகையா மெஷினைக் கால்மாட்டில் இறக்கினான்.

சாவு வீட்டில் யோசனைக்குப் பஞ்சமா? வயரையும் சேர்த்து வை என்றார் ஒருவர். கரண்டு இல்லாத இடத்தில் வயர் எதற்கு என்றார் இன்னொருவர். வெளியே உருமி முழங்கத் தொடங்கியது. தோட்டத்து லோரி பின்பக்கமாக வந்து வாசலில் நின்றது. நாலு பேர் மூடியைத் தூக்கினார்கள்.

“மாமா!” லீலாவதி எழுந்துவிட்டாள். “அதுல சிப்பு இருக்கு. செகிஞ்சான் தவுக்கே காடியோடது.”

பட்டறையில் போனட் திறந்தபடி நின்ற அந்தச் சீன முதலாளியின் வெள்ளைக் காடியை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்தவன் சாமானைப் புதைப்பது நியாயமில்லை என்பதில் யாருக்கும் இரண்டு பேச்சில்லை.

“அப்ப அத மட்டும் கழட்டுவோம்,” என்றான் முருகையா. “தனபாலா, நீயும் போர்மேன்தானே, வா லா.”

தனபாலன் ரவாங்கில் பட்டறை வைத்திருப்பவன். இந்த வேலையைச் சொல்லிக்கொடுங்கள் என்று சேதுவிடம் ஒரு வருஷமாகக் கெஞ்சிப் பார்த்தவன். குனிந்து பார்த்தான். நெம்புகோல் அவன் கண்ணில் படவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சிப்புக்கு அடியில் கொடுத்தான்.

“வேணாம் தம்பி! காலு ஒடிஞ்சிரும்!”

அவன் கையை விலக்கிவிட்டு லீலாவதி நெம்புகோலை நிமிர்த்தினாள். சிப்பை இரண்டு விரலால் எடுத்து, அதன் கம்பிக் கால்களைப் பார்க்காமலே கட்டைவிரலால் தடவினாள். காலிப் பள்ளத்தில் விழுந்திருந்த பூவிதழை ஊதித் தள்ளிவிட்டு, நெம்புகோலைத் திரும்பப் படுக்க வைத்தாள். எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது. நடந்து முடிந்த பிறகுதான் கூடமே தன்னைப் பார்க்கிறது என்பது அவளுக்கு உறைத்தது.

தனபாலன் அவள் விரல்களைப் பார்த்தான். பிறகு சேதுவின் முகத்தைப் பார்த்தான். “அண்ணி, அப்ப இந்த வேலையெல்லாம்…”

“தனபாலா,” என்றாள் சின்னத்தாய்.

அவன் நிறுத்திக்கொண்டான். மகன் முகத்தை விட்டு இப்போதுதான் சின்னத்தாயின் கண் நகர்ந்திருந்தது. மருமகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவள். பழகின கை எது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாமியார் இப்போது ஒரு வார்த்தை கேட்டால் தன்னால் பொய் சொல்ல முடியாது என்று லீலாவதிக்குத் தெரிந்தது.

“அத வெளிய எடு,” என்றாள் சின்னத்தாய்.

“எத?” என்றான் முருகையா.

“மெஷின. எம்மவன் இவ்ளோ கனத்தத் தூக்கிட்டுப் போவ மாட்டான்.”

“நீதானம்மா வெக்கச் சொன்ன?”

“சொன்னேன். இப்ப எடுக்கச் சொல்றேன். அவ கேட்ட லைட்ட கொண்டாந்து அவன் கையில குடு.”

முருகையா மெஷினை எடுத்துத் தாயின் பக்கத்தில் வைத்தான். தனபாலன்தான் ஓடிப்போய் டைமிங் லைட்டைக் கொண்டுவந்து, அதன் பிடியைச் சேதுவின் விரல்களுக்கு இடையில் வைத்தான். மூடியை வைத்து ஆணி அடித்தபோது லீலாவதி அழுதாள். இந்த அழுகையில் பயம் இல்லை, சேது மட்டும்தான் இருந்தான்.

லோரி போனது, ஆண்களும் பின்னால் போனார்கள். வீட்டைக் கழுவப் பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்து வந்தார்கள். சவப்பெட்டி இருந்த இடத்திலிருந்து பூவும் ஊதுவத்திச் சாம்பலும் நீரோடு வாசலுக்கு ஓடின. பக்கத்து வீட்டுக் காளியம்மா அடுத்த வாளியை வீசி ஊற்றக் கை ஓங்கினாள்.

“பாத்து ஊத்து லா,” என்றாள் சின்னத்தாய்.

அவள் பெஞ்சின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் மெஷின் இருந்தது. தண்ணீர் தெறிக்காமல் முந்தானையை அதன்மேல் இழுத்துப் போர்த்தி, தரை காயும்வரை அப்படியே இருந்தாள்.