பத்து இலக்கத்தில் ஒரு பகா எண்

6863624473 பகா எண்ணா இல்லையா? ஊரில் வேறு யாருக்கும் இல்லாத இந்தக் கவலையைப் பவானி தாலுகா ஆபீஸ் குமாஸ்தா சென்னிமலைதான் இழுத்து வந்தார். எட்டாயிரம் சின்னப் பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் மீதி வந்தால் அது பகா எண். கூடப் படித்தவரும் குமாரபாளையத்துத் தறிப் பட்டறை மேஸ்திரியுமான கந்தவேலிடம் பாதியைத் தள்ளிவிட்டார். மூன்றிலும் ஏழிலும் முடிகிறவை கந்தவேல் பங்கு.

மனைவி இறந்தபின் சென்னிமலை சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. இந்த எண்தான் ஆளை எழுப்பி உட்கார வைத்தது. ஞாயிறுதோறும் காவிரிப் பாலத்தைக் கடந்து நடந்தே வருவார். இருவரும் அந்த வார மீதிகளைப் படித்துக் காட்டிக்கொள்வார்கள்.

முதல் வருஷம் கந்தவேல் ஒழுங்காகத்தான் வகுத்தார். ஆயிரம் கணக்கு போட்டும் ஒன்றுகூட மீதியின்றி வகுபடவில்லை. எப்படியும் மீதிதான் வரப்போகிறது, இதற்கு ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? ஒரு ஞாயிறு காலை வாய்க்கு வந்ததை எழுதிப் படித்தார். சென்னிமலை சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு அதுவே பழகிப்போனது.

1980 தை மாதம் எல்லாம் முடிந்தது. நல்ல பிரதி எடுத்துச் சேலத்தில் ஒரு பேராசிரியருக்கு அனுப்பப் போவதாகச் சென்னிமலை சொன்னார். பேராசிரியர் ஒன்றிரண்டைப் போட்டுப் பார்த்தாலே கந்தவேலின் பொய் வெளிப்பட்டுவிடும். பிரதி எடுக்க ஒரு மாதமாவது ஆகும். அதற்குள் முடிந்தவரை வகுத்துவிடலாம் என்று பட்டியலின் கடைசியிலிருந்து ஆரம்பித்தார். இருபத்தெட்டாம் நாள் 65537 வந்தது. 104729 தடவை போயிற்று. மீதி பூஜ்யம். மூன்று முறை போட்டார், பூஜ்யம்தான். நோட்டில் அதற்கு நேரே 31208 என்று அவர் கையெழுத்தே இருந்தது.

அன்றே பாலம் தாண்டிப் போனார். சென்னிமலை கணக்கை வாங்கித் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

"சரியாத்தான் போவுது. பகா எண் இல்லீன்னா அதுவும் ஒரு விடைதானப்பா, கெடக்குது போ" என்றார். அவர் முகம்கூட வாடவில்லை. "ஆமா, இதுக்கு மீதி வந்துச்சுன்னு படிச்சியே?"

"வகுக்கலப்பா."

"இத மட்டுமா?"

"மூணு வருசமா எதையுமே வகுக்கல. எல்லாத்துக்கும் மீதி வந்துச்சே, இனியும் வருமின்னு இருந்துட்டேன்."

சென்னிமலை பென்சிலைக் கீழே வைத்தார்.

"எண்ணு போவுது உடு. நான் வாரத்துல ஆறு நாளு அந்த ஒரு நாளுக்காவத்தான் உசுரோட இருந்தேன். அப்ப ஞாயித்துக்கெழமையெல்லாம் எங்கூட உக்காந்து என்னத்தப் படிச்ச?"

கந்தவேல் எழுந்து பாலம் தாண்டித் திரும்பி நடந்தார்.

அடுத்த ஞாயிறு சென்னிமலை வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.