நித்திரைக் கோடு

புதன்கிழமை காலை பத்து மணியளவில் நுஸ்ரத் கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். உப்புவெளி வீட்டின் முன்கதவு திறந்தே கிடந்தது. சோமசேகரம் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அங்கிள், துறைச் செய்தி வந்திட்டுது. முதல் பிரதி உங்களுக்குத்தான்.”

பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கற்கைகள் துறை மாதாமாதம் வெளியிடும் நாலு பக்கத் தாள் அது. எவர் எந்த மாநாட்டுக்குப் போனார், நூலகத்துக்கு என்ன புத்தகம் வந்தது என்று வழக்கமாக இருக்கும். இம்முறை முன்பக்கத்தில் சோமசேகரத்தின் மறைந்த மனைவி கமலேஸ்வரியின் படம். அவள் எழுதி வைத்துவிட்டுப் போன கடைசி விரிவுரையை, ‘ஐஸ் ஏற்றி வந்த கப்பல்கள்’ என்ற தலைப்பில், வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவளுடைய பழைய மாணவியும் இந்நாள் விரிவுரையாளருமான நுஸ்ரத் வாசிப்பாள் என்று போட்டிருந்தது.

“மிஸ் கோடு போட்ட இடம் எல்லாத்தையும் விட்டிட்டன், அவங்கட வழக்கப்படி,” என்று தட்டச்சுப் பிரதியை நீட்டினாள். “நாப்பது நிமிசத்துக்குள்ள சரியா முடியுது.”

சோமசேகரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். குதிரைகள் வரும் இடத்தைக் காணவில்லை. இன்னொரு தடவை புரட்டினார்.

“நல்லது பிள்ளை,” என்றார்.

கமலேஸ்வரி அந்தத் துறையில் பத்தொன்பது வருடம் படிப்பித்தவள். மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் படிப்பித்தாலும், மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஊர்ச் சனத்துக்காகத் தமிழில் பேசுவாள். மீன் வாடிக்காரர், வங்கி உத்தியோகத்தர், ஓய்வுபெற்ற தபாலதிபர் என்று முப்பது நாற்பது பேர் வருவார்கள். அதற்கு முதல், வீட்டில் சோமசேகரத்தைச் சாய்மனைக் கதிரையில் இருத்தி முழுவதையும் வாசித்துக் காட்டுவாள். அவர் துறைமுகத்தில் கப்பல்களைக் கரையோடு கட்டும் கயிறுகளோடு முப்பது வருடம் கிடந்த மனிதர். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அவரை விழித்திருக்க வைக்கும் பேச்சு ஊரையே விழித்திருக்க வைக்கும் என்பது அவளுடைய எண்ணம். அவர் கண் மூடும் இடத்தில் தாளின் ஓரத்தில் பென்சில் கோடு தொடங்கும். கண் திறக்கும்வரை அது கீழே கீழே நீளும். கோடு விழுந்ததெல்லாம் வெட்டு.

“உங்களுக்குச் சம்பளம் தரவேணும்,” என்பாள்.

“நித்திரை கொள்ளச் சம்பளம் எடுக்கிற ஆக்கள் உங்கட துறையில ஏற்கெனவே இருக்கினம்தானே,” என்பார் இவர்.

துறை முழுக்க இந்தக் கதை தெரியும். ஒருமுறை துறைச் செய்தியில், ‘பதிப்பாசிரியர்: திரு. சோமசேகரத்தின் நித்திரை’ என்றே போட்டுவிட்டார்கள். கமலேஸ்வரி அதைக் கத்தரித்து அலுமாரிக் கதவில் ஒட்டினாள்.

கடைசி விரிவுரையில் மூன்று கோடுகள் இருந்தன. முதல் இரண்டும் நேர்மையானவை. மூன்றாவது கள்ளம்.

அது மார்கழி மாதம். நுரையீரல் வருத்தம் முற்றியிருந்தது. மூக்கில் ஒட்சிசன் குழாயோடு, நாலு வரிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கி வாசித்தாள். அமெரிக்காவின் வடக்கே உறைந்துபோன ஏரிகளில் ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கல்கத்தாவுக்கும் மதராசுக்கும் கப்பலேற்றிய காலத்துக் கதை அது. ஏரியின் மேல் அறுவைக் கலப்பையை இழுக்கும் குதிரைகள் சிலவேளை ஐஸ் உடைந்து உள்ளே விழுந்துவிடும். அதற்கென்றே ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு கயிறு. விழுந்த உடனே அதை இறுக்குவார்கள். மூச்சு உள்ளே அடைபட்டுக் குதிரை மிதக்கும். அப்படியே கரைக்கு இழுத்துவிடுவார்கள். இந்த இடம் வாசிக்கும்போது அவளுடைய உதடு நீலம் பாரித்தது. நிறுத்து என்றால் நிறுத்துகிறவள் இல்லை. நித்திரை என்று கண்டாலாவது நிறுத்துவாள் என்று சோமசேகரம் கண்ணை மூடினார். போதாதென்று ஒரு குறட்டையும் விட்டார்.

சற்று நேரத்தில் பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவள் அந்தத் தாள்களை எடுக்கவில்லை. தை பிறந்து ஆறாம் நாள் போய்விட்டாள்.

சொன்னால், அவள் நம்பித் தந்த ஒரு வேலையில் அவர் களவு செய்தது ஊருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், அவள் எழுதியதில் ஆக நல்ல நாலு பக்கம் ஒருவர் காதிலும் விழாமல் போகும். புதன் முழுக்க இதே யோசனை. வியாழன் மத்தியானம் சேர்ட்டை மாற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறினார்.

துறைத் தலைவர் ஸைனுலாப்தீன் நேரத்துக்குப் பேர்போனவர். நாற்பது நிமிடம் என்றால் நாற்பதுதான். நுஸ்ரத்தும் அங்கே இருந்தாள். சோமசேகரம் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

ஸைனுலாப்தீன் நுஸ்ரத்திடமிருந்த மூலப்பிரதியை வாங்கி அந்தக் கோட்டைப் பார்த்தார். “கோடு போட்டது மிஸ்தானே?”

“ஓம் சேர்.”

“அப்ப அது மிஸ்ஸின்ட முடிவு. மெய் நித்திரையோ பொய் நித்திரையோ, தாளில வித்தியாசம் தெரியாதே.”

“எனக்குத் தெரியும் சேர்.”

“அப்படிப் பார்த்தா, மற்றக் கோடுகளும் பொய்யோ?”

“இல்லை. அதெல்லாம் ஒழுங்கா நித்திரை கொண்டனான்,” என்றார் சோமசேகரம். “சுங்கவரி வாற இடத்தில ஆளே இல்லை நான்.”

நுஸ்ரத் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸைனுலாப்தீனுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அதை மீசைக்குள் வைத்துக்கொண்டார்.

“ஏன் மனிசா அப்படிச் செய்தீங்க? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லிக் கேக்கிற ஆளெண்டால் சொல்லியிருப்பன். அவவுக்கு மூச்சு எடுக்க ஏலாமல் கிடந்தது சேர். அந்த நேரம் எனக்கு விரிவுரை பெரிசாத் தெரியேல்லை.” அவர் மேசையைப் பார்த்தபடியே சொன்னார். “இப்ப தெரியுது. நல்லாயில்லை எண்டு நினைச்சுக்கொண்டெல்லோ போயிட்டா.”

ஸைனுலாப்தீன் கையிலிருந்த தாளை நுஸ்ரத்திடம் கொடுத்தார்.

“நாலு பக்கத்துக்கும் எவ்வளவு நேரம் போகும்?”

“பத்து நிமிசம் சேர்.”

“அம்பது நிமிசம் எண்டு வாசல் பலகையில எழுதி விடுங்க. ஆரும் கேட்டா என்னட்ட அனுப்புங்க.”

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. பின்வரிசை யன்னலால் துறைமுகத்து நீர் தெரிந்தது. நுஸ்ரத் நிதானமாக வாசித்தாள். கயிற்றை இறுக்கும் இடத்தில் மீன் வாடிக்காரர் ஒருவர், “அட, பாவம்,” என்று வாய்விட்டே சொன்னார். ஆட்கள் இருக்கைகளில் முன்னுக்குச் சாய்ந்ததைச் சோமசேகரம் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியைத் தேடினார்.

கேள்வி நேரத்தில் இரண்டாம் வருட மாணவன் சுகிர்தன் எழும்பினான்.

“மிஸ், வெளியில எடுத்த பிறகு அந்தக் குதிரைக்கு என்ன நடக்கும்? குளிரில செத்துப் போகாதோ?”

நுஸ்ரத் தாள்களைப் புரட்டினாள். “அது இதில இல்லை,” என்றாள்.

“செத்துப் போகாது தம்பி,” என்றார் சோமசேகரம். எழும்பி நிற்பது அவருக்கே பிறகுதான் தெரிந்தது. “முதல்ல கயிறைத் தளர்த்துவினம். கம்பளி போட்டுப் போர்த்து, உடனே நடக்க வைப்பினம். பாவம் பாத்து நிக்க விட்டால்தான் விறைச்சுப் போகும். ஏரியைச் சுத்தி ஓட்டித் திரிவினம், உடம்பில ஆவி பறக்குமட்டும். அடுத்த நாள் அதே குதிரை வேலைக்கு வரும்.”

“இதுக்கு என்ன ஆதாரம்?” என்று ஸைனுலாப்தீன் கேட்டார், வழக்கம் மாறாமல்.

“கமலேஸ்வரி. கோடு போட்ட பிறகும் அவ நிப்பாட்டேல்லை சேர். தாளை வைச்சிட்டு, என்ர காலடியில இருந்து, மிச்சத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தவ. எழுதாததையும் சொன்னவ. நித்திரை கொள்ளுற ஆளெண்டபடியால் அவசரப்படாமல் மெதுவாச் சொன்னவ.”

நுஸ்ரத் மேடையிலிருந்து இறங்கி வந்து, ஒரு வெறுந்தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“ஆறுதலாச் சொல்லுங்க அங்கிள்,” என்றாள். “எழுதிக்கொள்றன்.”